நெளிந்த டம்ளர் அளவு

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா முந்திக்கொண்டு உங்களுக்கு எழுதிவிடுவார். நாற்பத்தேழு வயதில், கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து, நேற்று நம் அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாமல் அந்தத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். வந்தார், குனிந்தார், சிலிண்டரைத் திருகினார், நிமிர்ந்தார். "எவ்வளவு நேரமா குச்சி கிழிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார். "இப்பதான்" என்றேன். தரையைப் பார்த்துவிட்டார். அங்கே ஒரு பெட்டிக் குச்சி கிடந்தது.

நீங்கள் சுகமா? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நான்கு பேரும் சுகம். வயிற்றைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. மகள் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறீர்கள், என் குரல் கேட்டதும் "பால் பொங்குது" என்று வைத்துவிடுகிறீர்கள். மூன்று வாரமாக அந்த ஊரில் அந்தப் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் நீங்கள் மறுபடி எடுத்துப் படிப்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு.

நீங்கள் போனதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு கடையில்தான் வாங்கினோம். மாமாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த எண்ணெயில வண்டி ஓட்டலாம்மா" என்கிறார். நான் இஸ்திரிக் கடையிலிருந்து ஆறு மணிக்கு வருகிறேன். உங்கள் தம்பி முன்னறையில் புத்தக பைண்டிங் வேலையை ஏழரைக்கு ஏறக்கட்டுகிறார். மகள் கல்லூரியிலிருந்து வந்து போனோடு படுத்திருப்பாள். எல்லோரும் ஒன்றாக உட்காருவது அந்த ஒரு வேளைதான். அதில் போய்ப் பொட்டலம் பிரிப்பதா என்று நானே சமையலில் இறங்கிவிட்டேன்.

உங்கள் உருளைக்கிழங்குக் குழம்பை எப்படி வைப்பது என்று எழுதி அனுப்புங்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள், பெரிய வார்த்தை வேண்டாம். முக்கியமாக "பக்குவம்" என்று எழுதாதீர்கள். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. நடந்தது நடந்துவிட்டது. உங்கள் அறையைத் தினமும் பெருக்குகிறேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூன் 11

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. நான் சுகம். தண்ணீர் ஒத்துக்கொள்கிறது. முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது.

குழம்பு இப்படி. நடுத்தரமான கிழங்கு ஆறு. தோல் சீவி நான்காக வெட்டு. இரண்டு வெங்காயத்தை எண்ணெயில் வதக்கு. வதக்கு என்றால் வதக்கு, கருக்காதே. மூன்று தக்காளி, ஒரு சின்னக் கரண்டி மிளகாய்த் தூள், ஒன்றரைக் கரண்டி உப்பு. கிழங்கைப் போட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வை. வெந்ததும் இறக்கு. இதில் தவறு செய்ய இடமே இல்லை.

இங்கே விடுதியில் அறுபது பெண்களுக்குச் சமைக்கிறேன். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். சாப்பிட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது "நல்லா இருந்துச்சு ஆன்ட்டி" என்கிறார்கள். முதல் நாள் யாரிடம் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? அதை மட்டும் எழுது. கதை வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமென்று படித்ததில் சந்தோஷம். இங்கே சுகம், சுமார்.

இதில் தவறு செய்ய இடமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இடம் இருந்தது அண்ணி. நான் கண்டுபிடித்தேன்.

நீங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். கிழங்கை எண்ணி ஆறு. தண்ணீர் தளும்பத் தளும்ப இரண்டு டம்ளர். மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் கிழங்கெல்லாம் மிதந்து கொண்டு என்னைப் பார்க்கிறது. மேசைக்குக் கொண்டு போனேன். உங்கள் தம்பி கரண்டியை விட்டுத் துழாவினார்.

"என்ன தேடுறீங்க?"

"குழம்பை."

மகள் சிரிக்கக்கூட இல்லை. "அம்மா, இதுல நீச்சல் கத்துக்கலாமா, இல்ல நேரா படகா?" என்றாள். என் வாய் எனக்கே திரும்பி வருகிறது, பாருங்கள். மாமா நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, "பசி இல்லம்மா" என்று எழுந்துவிட்டார். நான் மட்டும் மூன்று தட்டு. வீணாக்கக் கூடாது என்று இல்லை. ஆத்திரம்.

மறுநாளும் அதையே செய்தேன். அதற்கு மறுநாளும். ஒரே குளம்தான். இஸ்திரிக் கடையில் ஒரு நாளைக்கு எண்பது சட்டை மடிக்கிறேன், ஒரு காலர் கோணாது. ஆறு கிழங்கு எனக்கு அடங்க மாட்டேன் என்கிறது.

மாமா நன்றாக இருக்கிறார். இப்போதெல்லாம் சாயங்காலம் நடக்கப் போகிறார். டாக்டர்கூடச் சொல்லவில்லை, தானாகவே போகிறார்.

குளமாகாத சமையல் ஏதாவது எழுதுங்கள். கெட்டியாக வருகிறதாக.

நல்லபடி இருங்கள். அந்த அறுபது பேருக்கும் என் வயிற்றெரிச்சலைத் தெரிவிக்கவும்.

வாயாடி


ஜூன் 28

வாயாடிக்கு,

சுகம். இரண்டு டம்ளர் என்று எழுதினேன். நீ எதை ஊற்றினாய், ஆற்றையா? இருபத்திரண்டு வருஷம் அதே இரண்டு டம்ளர்தான் ஊற்றினேன், ஒரு நாள் கிழங்கு மிதந்ததா? நான் எழுதுவதைப் படிக்கிறாயா, இல்லை உனக்குத் தோன்றியதைப் படிக்கிறாயா?

கெட்டியாக வேண்டும் என்றால் காய்கறி சூப். கேரட், பட்டாணி, காலிஃபிளவர், எல்லாம் சேர்த்துக் கால் கிலோ, வேகவை. வெண்ணெய் ஒரு பெரிய கரண்டி உருக்கி, அரை டம்ளர் மைதாவை அதில் வறு. நிறம் மாறுமுன் அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறு. காயைத் தண்ணீரோடு சேர். உப்பு, மிளகுத் தூள். முடிந்தது. கிளறுவதை நிறுத்தாதே. வாய் பேசும்போது உன் கை நின்றுவிடும், எனக்குத் தெரியும். ஆகவே பேசாதே.

அப்பா நடக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அப்பா எந்தக் காலத்தில் நடந்தார்? பேப்பர் வாங்க எதிர்க் கடைக்குப் போக ஆட்டோ கேட்டவர். சாப்பிடுகிறாரா என்று நான் கேட்டதற்குப் பதில் எங்கே?

நலம் பேணவும்.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பும் மனசும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகும்.

சூப் வைத்தேன். பேசவில்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவில் பிசகக்கூடாது என்று குழம்புக்கு எடுத்த மாமாவின் பெரிய டம்ளரையே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, சரியாகப் பாதிக்கு மைதா எடுத்தேன். பால் ஊற்றினேன். கிளறினேன். முதலில் கை சுற்றியது. பிறகு தோள் சுற்றியது. அப்புறம் நானே சட்டியைச் சுற்றினேன். கரண்டியை விட்டால் நட்டுவைத்த கம்பு மாதிரி நிற்கிறது.

மேசையில் வைத்தேன். மூன்று பேரும் பார்த்தார்கள். உங்கள் தம்பி விரலால் தொட்டார். இரண்டு விரலையும் ஒட்டிப் பிரித்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது அண்ணி. சாப்பாட்டைப் பார்த்து அவர் முகம் மலர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, நானும் ஆசையாகக் கேட்டேன்.

"எப்படி இருக்கு?"

"நாளைக்குப் பசை காய்ச்ச வேண்டியதில்ல."

பட்டாணியை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுச் சட்டியோடு முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்து அட்லஸ் புத்தகம் இரண்டு அதில்தான் பைண்டு ஆனது. கொண்டு போனவர்கள் குறை சொல்லவில்லை. இந்த வீட்டில் என் சமையலைக் குறை சொல்லாத ஆட்கள் அவர்கள்தான்.

மாமா விஷயம். மறைத்து என்ன ஆகப்போகிறது. நேற்று அவர் பின்னாலேயே போனேன். தெரு முனை பேக்கரி வாசல் பெஞ்சில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் ஒரு பன், இன்னொரு கையில் இன்னொரு பன். மூன்றாவது பக்கத்தில் காத்திருக்கிறது.

"மாமா, இதுதான் நடக்கப் போறதா?"

"உக்காந்துக்கிட்டே நடக்கிறேம்மா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவதை நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, க்ரீம் மூக்கில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

உங்கள் முழங்காலுக்குத் தைலம் இருக்கிறதா? எழுதுங்கள்.

வாயாடி


ஜூலை 24

வாயாடிக்கு,

நான் சுகம். கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

பசை என்று எனக்கே எழுதுகிறாய். அந்த வார்த்தையை எழுதும்போது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

மகளின் தோழிகள் ஆறு பேர் சாப்பிட வந்தார்கள். காலையிலிருந்து நின்று சமைத்தேன். பரிமாறிக்கொண்டிருக்கும்போது நீ சொன்னாய்: "எங்க வீட்டுல பைண்டிங் பசைக்கும் அண்ணி குழம்புக்கும் ஒரே சட்டிதான். எது எதுன்னு எங்களுக்கே தெரியாது, பார்த்துச் சாப்பிடுங்க." அந்தப் பெண்கள் சிரித்தார்கள். தம்பி சிரித்தான். அப்பாவும் சிரித்தார். நான் கரண்டியில் குழம்போடு நின்றேன். ஊற்றுவதா, திரும்பக் கொண்டு போவதா என்று தெரியவில்லை. ஒரு பெண் தட்டைக் கையால் மூடி "போதும் ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு நான் இன்னும் ஊற்றவே இல்லை.

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், தெரியும். நீ எல்லாவற்றையும் விளையாட்டாகத்தான் சொல்வாய். மூன்று கடிதம் எழுதிவிட்டாய். அடுப்பு, கிழங்கு, பன், எல்லாம் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

உன் குழம்பு ஏன் குளமானது என்று இப்போது புரிகிறது. அப்பாவின் பெரிய டம்ளர்! அது என் அளவு இல்லை. நான் அளப்பது என் நெளிந்த டம்ளரில். ஒரு பக்கம் நசுங்கி, அப்பாவுடையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கொள்ளும். இருபத்திரண்டு வருஷம் நான் அதில் அளந்ததை ஒரு நாளாவது பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

வரும்போது அதைக் கையோடு எடுத்துவந்துவிட்டேன். இங்கே எல்லாம் வாளி அளவு, அதற்கு வேலையில்லை. இதோடு பார்சலில் அனுப்புகிறேன். இனிமேல் அளவு கேட்டு எனக்கு எழுத வேண்டியதில்லை.

அப்பாவை ஒரு பன்னோடு நிறுத்தச் சொல்.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் தமாஷ் இல்லை. தமாஷ் இல்லாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை, எங்கேயாவது தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்தபோது சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மகள் பிரித்தாள். டம்ளரை மேசை நடுவில் வைத்தாள். "அக்கா இனிமே வரமாட்டா" என்று உங்கள் தம்பி மெதுவாகச் சொன்னார். மாமா அதை எடுத்துத் துண்டால் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது, துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள், உங்களுக்குத் தெரியாது. ஒரு பெண் வாயில் வைத்ததும் "உங்க அம்மா சமையலா? சூப்பரா இருக்கு" என்று கேட்டாள். நம் மகள், "ஐயோ, அம்மாக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. எல்லாம் எங்க அத்தைதான்" என்றாள். உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் எனக்குக் குத்திவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இஸ்திரிப் பெட்டியோடு நின்று வந்து, அந்த மேசையில் எனக்கு ஒரு பேரும் இல்லையே என்று தோன்றியது. உங்களை ஒரு படி இறக்கினால் நான் ஒரு படி ஏறலாம் என்று நினைத்தேன். சிரித்தார்கள். ஏறினேன். அந்த ஒரு நிமிஷம்தான். திரும்பினால் நீங்கள் கரண்டியோடு நிற்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன் அண்ணி. பார்க்காத மாதிரி இன்னொரு தமாஷ் சொன்னேன். முதலாவதைவிட அதுதான் பெரிய தப்பு.

இன்றோடு அறுபது நாள் சமைத்துவிட்டேன். ஒருவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அறுபது நாளிலேயே கரண்டியைச் சுவரில் எறியலாம் போல வருகிறது. நீங்கள் இருபத்திரண்டு வருஷம். நானும்தான் ஒரு நாள் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றாக இருந்தது அண்ணி. அந்தக் குழம்பு, எனக்குப் பிரசவமானபோது நீங்கள் வைத்துக் கொடுத்த கஞ்சி, கடைக்குக் கட்டிக் கொடுத்த டப்பா, எல்லாமே. அன்றைக்குச் சொன்னதற்கு என்னை மன்னியுங்கள்.

டம்ளரைத் திருப்பி அனுப்புகிறேன். அது உங்களுடையது. அது இங்கே இருந்தால் கணக்குத் தீர்ந்தது, நீங்கள் வரவே வேண்டியதில்லை என்று ஆகிவிடும். வேறு டம்ளர் வாங்கி நானே அளவு கற்றுக்கொள்கிறேன்.

வந்து சமையுங்கள் என்று கூப்பிடவில்லை. சும்மா ஒரு நாள் வந்து உட்காருங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டு எழுதவில்லை, சும்மா இங்கத்து நிலவரம் எழுதுகிறேன்.

தபால்காரர் என்னைப் பார்த்தால் சைக்கிளை எதிர்ப் பக்கம் திருப்பிவிடுகிறார். "எனக்கே பாவமா இருக்குங்க, நானாவது ஒரு கார்டு எழுதிப் போடட்டுமா?" என்றார் நேற்று.

புது டம்ளரில் உங்கள் தம்பியின் பைண்டிங் ஊசியால் கோடு கீறி வைத்திருக்கிறேன். ஏழு தடவை தப்பாகி எட்டாவது தடவை குழம்பு குழம்பாக வந்தது. யாரும் பாராட்டவில்லை. ஆனால் சட்டி காலி. மகள் கடைசியில் ரொட்டியால் வழித்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, சட்டி கழுவுறேன்" என்றாள். என் பெண்தான், சந்தேகமில்லை.

தையல்காரம்மா ஒரு புட்டிங் சொல்லிக்கொடுத்தார். பால், சோள மாவு, சர்க்கரை, கொஞ்சம் வனிலா. காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். முதல் தடவை கட்டி கட்டியாக வந்தது. இரண்டாவது தடவை எனக்கே நம்ப முடியவில்லை. வெள்ளை வெளேரென்று, வழவழவென்று. மாமா இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கு நடக்கப் போகவில்லை. பன் ஒன்றாகக் குறைந்திருக்கிறது என்று பேக்கரிக்காரர் என்னிடம் வருத்தப்பட்டார்.

அறையைப் பெருக்குகிறேன். நலமாக இருங்கள்.

வாயாடி


செப்டம்பர் 8

வாயாடிக்கு,

சுகம். டம்ளர் வந்தது. இப்போது இன்னொரு பக்கமும் நெளிந்திருக்கிறது. ஒரு டம்ளரைத் துணி சுற்றி அனுப்ப வேண்டும் என்றுகூட உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையா? இனிமேல் இது எந்த அளவும் இல்லை. பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

உன் ஆகஸ்ட் இரண்டாம் தேதிக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பத்து லிட்டர் பால் உண்மையாகவே பொங்கி வழிந்துவிட்டது. அறுபது பேரும் அன்றைக்குக் கறுப்புக் காப்பி குடித்தார்கள். உனக்கு எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலையை விடமாட்டேன். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். மத்தியானம் வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருப்பேன், கடைசி பஸ்ஸில் திரும்புவேன். சமைக்க மாட்டேன். அடுப்படிப் பக்கமே வரமாட்டேன். உப்புப் பார்க்கச் சொல்லாதே.

அந்த ஆறு பெண்களையும் கூப்பிடு.

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

சரி. சரி. சரி. ஆறு பேரும் வருகிறார்கள். மற்றபடி சுகம். கிழங்கு இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

வாயாடி


செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா? இங்கே எல்லோரும் சுகம்.

நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்த நேரம் காது அடைத்துவிட்டது. அதனால் நான் சொன்னது சரியாகத்தான் வெளியே வந்ததா என்று எழுதிப் பார்க்கிறேன். கையில் கரண்டியோடு நின்றேன். அந்த ஆறு பெண்களும் நான் ஏதோ தமாஷ் சொல்லப்போகிறேன் என்று அப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணினது எல்லாம் போயே போய்விட்டது. "போன தடவை நான் சொன்னது பொய். இந்த வீட்டுல ரெண்டு சட்டி இருக்கு. ரெண்டும் ஒரே சட்டியானது நான் சமைக்க ஆரம்பிச்ச பிறகுதான். அண்ணி சமையல் அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் பொறாமை" என்றேன். சரிதானே? யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தட்டை மூடின பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் நீங்கள் தட்டை நீட்டி, "நின்னுக்கிட்டே இருக்காத, ஊத்து" என்றீர்கள். ஊற்றினேன்.

இரண்டாவது தடவையும் நீட்டினீர்கள். நான் எண்ணினேன்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்று நீங்கள் சொன்னதை உங்கள் தம்பி இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்டது. மாசம் ஒரு ஞாயிறு வருகிறேன் என்று பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னீர்களே, அதைச் சத்தத்தில் நான் சரியாகக் கேட்டேனா என்று ஒரு வரி எழுதுங்கள். மகள் சரி என்கிறாள், மாமா சரி என்கிறார், எனக்கு உங்கள் கையெழுத்தில் வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் உங்கள் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தேன். என் புட்டிங், விடுதிப் பெண்களுக்குக் கொடுத்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள் என்றேன். நீங்களும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனீர்கள். அது சம்பந்தமாக ஒரு தகவல்.

பசை புளிக்காமல் இருக்க உங்கள் தம்பி அதை ஃப்ரிட்ஜில் வைப்பது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை காய்ச்சின பசை ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருந்தது. என் புட்டிங் இன்னொரு எவர்சில்வர் டப்பாவில் இருந்தது. இரண்டும் நம் மகளின் பள்ளிக்கூட டப்பாக்கள், ஒரே அளவு. பூச்சி வராமல் இருக்கக் கலக்கும் மயில்துத்தத்தை அவர் இன்னும் சேர்க்கவில்லையாம், அதனால் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

நேற்றும் இன்றும் அவர் வக்கீல் ஆபீஸ் புத்தகம் நான்கு பைண்டு பண்ணி முடித்தார். வனிலா வாசனை வருகிறது. நன்றாக ஒட்டியிருக்கிறது. இரண்டாவது புத்தகத்தில் எறும்பு.

விடுதியில் என்ன சொன்னார்கள் என்று எழுதவும்.

வாயாடி